பிரிஸ்கில்லாவின் வயர்ப் பலகை

ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பிரிஸ்கில்லா பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். கார்களுக்கு உள்ளே ஓடுகிற வயர்க் கட்டுகளைச் செய்கிற கம்பெனி. ஆள் உயரப் பலகையில் ஆணிகள் அடித்திருக்கும். ஆணிகளின் வழியே நிறம் பார்த்து வயர்களை ஓட்டி, டேப் சுற்றி, முனைகளில் கிளிப் மாட்டினால் ஒரு கட்டு முடிந்தது. எந்த முனை சரியாக உட்காரவில்லை என்பதை விரலால் தொட்டே சொல்லிவிடுவாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயதானபோது கம்பெனி அந்தப் பிரிவையே வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விட்டது. இன்னும் இரண்டு கம்பெனிகளில் போய்க் கேட்டாள். முப்பத்தைந்துக்கு மேல் எடுப்பதில்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சொந்த ஊரான திருப்புலிவனத்தில் கணவன் ஆல்வின், "கொஞ்ச நாளு வூட்லயே இரு. நடவுக்குக் கூப்புட்டா போயிக்கலாம்" என்றான். அவனும் கூலிக்குப் போகிறவன்தான், தெரிந்ததைச் சொன்னான். அவள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இத்தினி வருசமா கத்துக்கினத இன்னா பண்றது? ஏரில கரச்சி வுடறதா?"



சொர்ணவாரிப் பருவத்து நெல் அறுப்பு சமயத்தில், அதே ஊர்த் தமிழரசனின் அறுப்பு மெஷின் வயல் நடுவே நின்றுபோனது. ஷெட்டில் கிடந்தபோது எலிகள் வயர்களைக் கடித்து வைத்திருந்தன. காஞ்சிபுரத்து எலக்ட்ரீஷியன் இரண்டு நாளாக வருகிறேன் வருகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மேற்கே மேகம் கறுத்திருந்தது. அந்த வழியாக வந்த பிரிஸ்கில்லா வரப்பில் இறங்கி நடந்தாள்.

"அண்ணா, நான் பாக்கட்டுமா?"

"உனக்கு வண்டியப் பத்தி இன்னாமா தெரியும்?"

"வண்டி தெரியாது. வயரு தெரியும்."

வேறு வழியில்லாமல் தமிழரசன் ஒதுங்கி நின்றார். அறுந்த வயர்களை நிறம் பார்த்து இணைத்து முறுக்கினாள். மெஷின் உறுமியது, சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அரைமணி நேரம்தான் ஓடியது. இன்ஜின் பக்கமிருந்து புகை வந்து, எல்லாம் அடங்கிவிட்டது. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. முற்றிய கதிர் தண்ணீரில் சாய்ந்தது.

"நான்தான் புத்தியில்லாம உன்ன தொட வுட்டேன்" என்றார் தமிழரசன்.

நாலு நாள் அவள் தெருவில் தலைகாட்டவில்லை. வெட்கம் கொஞ்சம் ஆறியபிறகு ஒன்று விளங்கியது. எந்த வயர் எங்கே போகிறது என்பது அவளுக்குத் தெரியும். அதற்குள் கரண்ட் எப்படி ஓடுகிறது, எங்கே தடுமாறுகிறது என்பது தெரியாது. தெரியாததைக் கற்றுக்கொள்ளலாம்.

ஐந்தாம் நாள் காலை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு அருகே மோகன்குமாரின் ஆட்டோ எலக்ட்ரிகல் கடைக்குப் போய், வேலை கற்றுக்கொள்ள வந்ததாகச் சொன்னாள். அவன் அவளைவிடப் பத்து வயது சின்னவன்.

"பேஜாரு புடிச்ச வேலக்கா. வண்டிக்கு அடில படுக்கணும்."

"கம்பெனில எட்டு மணி நேரம் நின்னுக்கினே செஞ்சேன். இது படுத்துக்கினு செய்யறதுதான?"

மோகன்குமார் சிரித்துவிட்டான். மறுநாளிலிருந்து வரச் சொன்னான்.

மீட்டர் வைத்துப் பழுது கண்டுபிடிக்கவும், ஃபியூஸ் எதனால் எரிகிறது என்று பார்க்கவும் எட்டு மாதத்தில் கற்றாள். இடையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒட்டுப்போட்டு அனுப்பிய வண்டிகள் திரும்பத் திரும்ப அதே கடைக்கு வந்தன. காயலான் கடையிலிருந்து, தமிழரசனுடையதைப் போன்ற அறுப்பு மெஷினின் பழைய வயர்க் கட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தாள். பிளைவுட் பலகையில் அதை விரித்து, வளைவு வளைவாக ஆணி அடித்தாள். அந்த ஆணிகளின் மேல் புதுக் கட்டு ஒன்றைச் செய்து, எலிப் பல் இறங்காத கெட்டிக் குழாய்க்குள் நுழைத்தாள்.

"ஒட்டு போட்டாவே போதும்றாங்க. இத்த யாருக்கா வாங்குவான்?" என்றான் மோகன்குமார்.

"மொதல்ல ஒருத்தரு வண்டில ஓடட்டும்."

அடுத்த அறுப்புக்கு ஒரு மாதம் முன்னால் தமிழரசன் வீட்டுக்கே போனாள். "அன்னிக்கி என்னாலதான் கெட்டுது. நானே புதுசா வயருக் கட்டு மாட்டித் தரேன். மாட்டினதும் நாலு நாளு சும்மா ஓட்டிப் பாருங்க. அப்புறமா வயல்ல எறக்குங்க."

 தமிழரசன் உள்ளே போய் மெஷின் சாவியை எடுத்துவந்தார்.

அந்தப் பருவம் முழுக்க மெஷின் ஒருநாளும் நிற்கவில்லை. பெருநகரிலிருந்து சேட்டு என்பவர் வயர் மாற்ற இரண்டு டிராக்டர்களைக் கொண்டுவந்தார். அப்புறம் வந்தவாசிப் பக்கத்து வண்டிகள் வந்தன. பிரிஸ்கில்லா தனியாக ஒரு கொட்டகை பிடித்து நாலு பலகைகள் நிறுத்தினாள். தன்னோடு வேலை இழந்த சசிரேகாவையும் வளர்மதியையும் கூப்பிட்டுக்கொண்டாள். சோதித்துப் பார்க்கும் வேலையை மட்டும் யாருக்கும் விடுவதில்லை.

இப்போது வருகிற புது மாடல்களில் கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. அது இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை. கோயம்புத்தூரில் அதற்குப் பத்து நாள் பயிற்சி உண்டு என்று கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்துவிட்டாள்.

"பத்து நாளா?" என்று ஆல்வின் முனகினான். முனகிக்கொண்டே பரண்மேல் இருந்த துணிப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினான்.