ஊசியக்காவும் ஆயிரத்து நூறும்

பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள் என்பதால் ஊசியக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊசியைக் கண்டு அலறுகிறவர்கள்கூட அவளிடம்தான் கையை நீட்டுவார்கள்.

கணுக்கால் முறிந்து வீட்டோடு கிடந்த நாட்களில் பொழுது போகாமல் போனில் செஸ் ஆடக் கற்றுக்கொண்டாள். தோற்றால் புள்ளி இறங்கும், ஜெயித்தால் ஏறும். அந்த எண்ணுக்கு ரேட்டிங் என்று பெயர். முதலில் அது கிடுகிடுவென்று ஏறியது. கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய பிறகும் ஆட்டம் விடவில்லை. ஆனால் ரேட்டிங் ஆயிரத்து நூறை எட்டியதும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. இரண்டு நாள் ஏறும், மூன்றாம் நாள் சறுக்கும். இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

அவள் சும்மா இருந்தாள் என்று சொல்லக் கூடாது. சமைத்துக்கொண்டே வீடியோ பார்த்தாள். ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்று வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டாள். எதிரில் ஆடுகிறவர்தான் அந்த வாய்ப்பாட்டைப் படிக்காமல் வந்து வேறு எதையோ நகர்த்தித் தொலைப்பார். வேலைக்குப் போகும் பஸ்ஸிலும் ஆடினாள். தோற்றால் விட்டதைப் பிடிக்க உடனே அடுத்த ஆட்டம், அதிலும் தோற்றால் இன்னொன்று. பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஏறியபோது இருந்ததைவிடக் குறைவாகத்தான் புள்ளி இருக்கும்.

இந்த எரிச்சலில் எண்ணெய் ஊற்ற வீட்டிலேயே ஒருவன் இருந்தான். அவள் கொழுந்தன். போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். காய் எப்படி நகரும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். நாலைந்து மாதத்தில் அவளைத் தாண்டிப் போய்விட்டான். எந்த வீடியோவும் பார்க்கவில்லை, எதையும் உருப்போடவும் இல்லை.

"எப்படிடா?" என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டாள்.

"சும்மாதான் அண்ணி ஆடுறேன்," என்றான்.

அந்த 'சும்மா' அவளுக்குச் சுரீரென்று இருந்தது. அதைவிட மோசம் கணவரின் சமாதானம். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் போதெல்லாம் அவர், ஆட்டம்தானே, விடு என்பார். அன்றைக்கு ரசப் பாத்திரம் அடுப்பிலிருந்து 'ணங்'கென்று இறங்கும்.

ஒரு காலை பஸ்ஸிலேயே மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றுவிட்டு வேலைக்குள் நுழைந்தாள். முதலில் வந்தவர் வயதான ஒரு தையல்காரர். ஊசி நரம்பில் ஏறவில்லை. இரண்டாம் முறையும் தவறியது. அவர் வலியை முழுங்கிக்கொண்டு, பரவாயில்லம்மா என்றார். பக்கத்து மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஊசியக்காவுக்கு முகம் செத்துவிட்டது. அவர் முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தபோதுகூட, காலையில் பறிகொடுத்த யானைதான் கண் முன்னால் நின்றது. ஒரு மனிதரின் கையை நோகடித்தபோதும் யானையையே நினைத்தோமே என்று மதியம் சோறு இறங்கவில்லை.

போனில்தான் தோற்கிறோம், பலகையில் உட்கார்ந்தால் நிதானம் வரும் என்று நினைத்து, நூலகக் கூடத்தில் நடந்த சின்னப் போட்டி ஒன்றில் பெயர் கொடுத்தாள். எதிரில் ஒரு பிளம்பர். ஆட்டம் முழுக்க அவள் கைதான் ஓங்கியிருந்தது. ஒரு யானை அதிகம், அவர் ராஜா மூலையில் முடங்கிக் கிடந்தார். நாலு பேர் நின்று வேடிக்கை பார்க்க, அவள் பட்டென்று ராணியை அனுப்பி ஒரு சிப்பாயை வெட்டினாள். பிளம்பர் குதிரையைத் தூக்கி வைத்தார். அவள் ராஜாவுக்கு செக், கூடவே ராணிக்கும் குறி. ராணி போனது, ஆட்டமும் போனது.

ஆட்டத்தை ஒருமுறை திருப்பிப் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வாசல்வரை போனாள். செருப்பை மாட்டியவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"நான் தோத்தாச்சுன்னு கை குடுக்கத்தான் இருந்தேன்," என்றார் பிளம்பர். "நீங்க ஏன் அந்தச் சிப்பாய எடுத்தீங்க?"

"சும்மா கெடச்சுதே."

"அதுக்கு முந்தி நான் குதிரைய நகத்தினேன். அது எதுக்குன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பொய் சொல்ல வாய் வராமல், உங்கள் ரேட்டிங் என்ன என்று கேட்டாள். அவர் சொன்ன எண் அவளுடையதைவிடக் குறைவு. அது வேறு தனியாக எரிந்தது.

வீட்டுக்கு வந்து, தோற்ற ஆட்டங்களை முதல் முறையாக ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். தன் முட்டாள்தனத்தைத் தானே உட்கார்ந்து பார்ப்பது பல் பிடுங்குகிற வேதனையாக இருந்தது. தொடக்க நகர்த்தல்களிலேயே தோற்ற ஆட்டம் ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் ஒரே கதை. கை ஓங்கியதும் எதிராளி ஒருவர் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருக்கிறது.

மறுநாள் கொழுந்தனிடம் போனை நீட்டி, ரேட்டிங் கண்ணில் படாமல் மறைத்துக் கொடு என்றாள். அவன் ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறைத்துக் கொடுத்தான். பஸ்ஸில் ஆடுவதை நிறுத்தினாள். வேலை முடிந்து வந்து ஒரே ஒரு நீண்ட ஆட்டம். தோற்றால் அதைத் திருப்பிப் பார்ப்பது, அவ்வளவுதான். அடுத்ததை ஆடச் சொல்லி விரல் துடிக்கும். போனைத் துணி அலமாரியில் வைத்துவிட்டு, தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பாள்.

மழைக்காலம் முடிந்தபோது ரேட்டிங்கைத் திறந்து பார்த்தாள். ஏறியிருந்தது. ஆனால் பட்ட பாட்டுக்கு அது ஒரு ஏற்றமா என்று அழுகை வந்தது. கணவர் எட்டிப் பார்த்து, அதான் ஏறியிருக்கே என்றார்.

"இவ்வளவுதான் ஏறியிருக்கு," என்றாள். "ஆட்டம்தானேன்னு மட்டும் இப்ப சொல்லாதீங்க."

அவர் காப்பி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

அந்த ஞாயிறு மாலை கொழுந்தனோடு பலகையில் உட்கார்ந்தாள். இந்த முறை அவன் சும்மா ஆடவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டான், இரண்டு முறை தண்ணீர் கேட்டான். கடைசியில் இரண்டு ராஜாக்களும் அவளுடைய ஒரே சிப்பாயும் மிஞ்சி, ஆட்டம் சமனில் முடிந்தது. அவனிடம் தோற்காமல் எழுவது அவளுக்கு வெகுநாளைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"நீங்க ஜெயிச்சிருக்க வேண்டியது அண்ணி," என்றான் அவன். "ராஜாவ முன்னால விட்டுட்டு, அப்புறம் சிப்பாயத் தள்ளியிருக்கணும்."

"தெரியும். வாய மூடு," என்று சொல்லிவிட்டு, எந்த இடத்தில் அவசரப்பட்டோம் என்று பார்க்கக் காய்களை மறுபடி அடுக்கத் தொடங்கினாள்.