மினுங்காத மொனிட்டர்

தம்பியின் மொனிட்டர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செத்தது. அதற்கு முந்திய ஒரு மாதமும் அது இழுத்துக்கொண்டுதான் கிடந்தது. முதலில் எல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. பிறகு தலையில் இரண்டு தட்டுத் தட்டினால் மட்டும் தெளிந்தது. கடைசியில் 'டப்' என்று ஒரு சத்தம், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, அதோடு சரி. நான் அலுவலகத்துக்குப் புறப்பட்டு நின்றேன். "போனாப் போகட்டும், புத்தகத்தை எடுத்துப் படி" என்றேன். செத்த வீட்டில் சிரித்தவளைப் பார்ப்பது போல அவன் திரும்பிப் பார்த்தான்.

யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. நான் கண்டியில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்துகொண்டு, குண்டசாலைப் பக்கம் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தேன். மலைச்சரிவில் கட்டிய வீடு. மேல்வீடு வீதிமட்டத்தில் இருந்தது. எங்கள் கீழ்வீட்டுக்குக் கல்படிகளில் இறங்கிப் போகவேண்டும். மேலே வீட்டுக்காரர் தனியாக இருந்தார். ஓய்வுபெற்ற சிங்கள வாத்தியார், நல்ல மனிதர், என்னைவிடப் பயந்தவர்.

தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பரீட்சை எழுதப் பத்து நாளுக்குரிய உடுப்போடு வந்தவன். அவன் வந்த கையோடு யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசுக்கு எழுதிக் கொடுக்கும் படிவத்தில் அப்போது என் பெயர் மட்டும்தான் இருந்தது. பத்து நாள்தானே என்று நான் அவனைச் சேர்க்கவில்லை. பிறகு சேர்க்கப் போனால், இவ்வளவு நாளும் ஏன் மறைத்தாய் என்ற கேள்வி வரும். வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, இப்போது வேண்டாம் பிள்ளை என்றார். வெள்ளை வான்களில் பிடித்து ஏற்றப்பட்டு, தமிழ்ப் பெடியன்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம். இருபத்திமூன்று வயதில், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று போட்ட அடையாள அட்டையோடு, பதிவில் இல்லாத ஒருவன் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். நான்கு மாதமாக அவன் வாசல்படி தாண்டவில்லை.

அந்த அறைக்கு ஒரு ஜன்னல்தான், அதுவும் கூரையோடு ஒட்டி. அதன் வழியாகப் பார்த்தால் மேலே வீதியோரம் தெரியும், ஆனால் ஆட்கள் தெரியமாட்டார்கள், கால்கள்தான் தெரியும். யாருடைய கால் எது என்று தம்பிக்கு அத்துப்படி. தபால்காரர், பாண்காரர், வீட்டுக்காரரின் தேய்ந்த செருப்பு, என்னுடைய நீல வார் வைத்த செருப்பு எல்லாம் தெரியும். மிச்ச உலகம் முழுக்க, நான் பழசாக வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரின் அந்த மொனிட்டருக்குள் இருந்தது. ஒரு அச்சகத்துக்குத் தமிழ் டைப் செய்து கொடுப்பான், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதிப் போடுவான். அது செத்த பிறகு மூன்று நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடந்தான். சோறு வைத்தால் வைத்த இடத்தில் இருந்தது. நான் பயந்துவிட்டேன்.

"சரி, எழும்பு. எப்பிடிப்பட்டது வேணும் எண்டு எழுதித் தா" என்றேன்.

எழுதித் தந்தான் பாருங்கள், பெண் பார்க்கப் போகிறவனுக்குத் தாய் சொல்லிவிடுகிற மாதிரி! பதினேழு அங்குலம் இருக்கவேண்டும். தட்டையானதாக இருந்தால் நல்லது. வெள்ளைப் பக்கத்தையும் கறுப்புப் பக்கத்தையும் போடச்சொல்லி, நிறம் மாறாமல் நிற்கிற செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கீழே கோடு போட்டு: கண்ணாடி மாதிரி மினுங்கிறது வேண்டாம்.

"மினுங்கினா என்னடா?"

"லைட் பட்டா என்ர முகந்தான் தெரியும். அதை நான் காணாததோ?"

சனிக்கிழமை கண்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் மனிதர், பொறுமைசாலி. "என்னத்துக்குப் பாவிக்கிறீங்க மிஸ்? டைப் அடிக்கவா, படம் பார்க்கவா?" என்று கேட்டு, மூன்றை மேசையில் வைத்தார். ஒன்று பழைய ரகம், பின்பக்கம் பானை மாதிரித் தள்ளிக்கொண்டு நின்றது. "படம் நல்லா இருக்கும், ஆனா தூக்கிட்டுப் போறதுக்கு ஒரு ஆள் வேணும்" என்றார். எங்கள் வீட்டில் இருந்த ஆளை நான் எப்படிச் சொல்ல? மற்றது தட்டையானது, புத்தம்புதுசு, பளபளவென்று இருந்தது. கறுப்புப் பக்கத்தைப் போடச்சொன்னேன். அதற்குள் நான் நின்றேன், கொண்டையும் பொட்டும் கண்ணுக்குக் கீழே கறுப்புமாக. எனக்கே சகிக்கவில்லை, தம்பி பாவம். மூன்றாவது மினுங்காத மங்கல் ரகம். வெள்ளையைப் போட்டும் பார்த்தேன், கறுப்பைப் போட்டும் பார்த்தேன், மூக்கு முட்டுமளவுக்குக் குனிந்தும் பார்த்தேன். ஒரு புள்ளி செத்திருக்கவில்லை. மாதக்கணக்கில் எனக்கு வராத ஒரு சந்தோஷம் வந்தது.

"இதுதான்" என்றேன்.

அவர் பில் புத்தகத்தைத் திறந்தார். "பேர் சொல்லுங்க."

அங்கேதான் நான் புத்திசாலித்தனமாக நடப்பதாக நினைத்தேன். அந்தப் பில் புத்தகங்களையும் பொலிஸ் வந்து பார்க்கிறதாம் என்று அலுவலகத்தில் கதை. கம்ப்யூட்டர் சாமான், தமிழ்ப் பெயர், குண்டசாலை விலாசம்: வேறு வினை வேண்டாம். வீட்டுக்காரரின் சிங்களப் பெயரைச் சொன்னேன். கடைக்காரர் என் நெற்றிப் பொட்டை ஒருதரம் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் எழுதினார்.

பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். பெட்டியைக் கண்டதும் என்னை மட்டும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். ஒரு பொலிஸ் அதிகாரி பில்லை வாங்கினார், அடையாள அட்டையை வாங்கினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். அந்தக் கணத்தில்தான் என் மண்டைக்கு உறைத்தது. பில்லில் ஒரு சிங்கள ஆண், அட்டையில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்!

"யார் இந்த மனிதர்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"வீட்டுக்காரர். அவருக்குத்தான் வாங்கினேன்."

"அவருக்குக் கால் இல்லையா?"

பெட்டி போனால் போகட்டும். வீட்டைப் பார்க்கவேண்டும் என்று கிளம்பினால்? அதிகாரி வீட்டுக்காரரின் டெலிபோன் நம்பரைக் கேட்டார், கொடுத்தேன். பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில், அந்த வெயிலில், ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். என்னையே எனக்கு அறையவேண்டும் போல இருந்தது.

வீட்டுக்காரர் ஓட்டோவில் வந்து இறங்கினார். மடிப்புக் குலையாத வெள்ளைச் சேர்ட். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓம், என்னுடையது. நான்தான் இந்தப் பிள்ளையை அனுப்பினேன்" என்றார். அப்படி ஒரு பொய்யை அந்த மனிதர் வாழ்க்கையில் சொல்லியிருக்கமாட்டார்.

அதிகாரிக்கு முகம் மாறிவிட்டது. வாத்தியார் என்று தெரிந்ததும் 'சேர்' என்று கூப்பிடத் தொடங்கினார். சேர் இந்த வயதில் பெட்டி தூக்கக்கூடாது, ஜீப்பில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறோம் என்றார். வேண்டாம் வேண்டாம் என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு பொலிஸ்காரர்களைக் கூப்பிட்டார். மரியாதை செய்கிற மனிதரை எப்படித் தடுப்பது?

ஜீப் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. முதலில் பொலிஸ் சப்பாத்துகள் இறங்கின. நடுவில் நான் இறங்கினேன்.

பெட்டியை மேல்வீட்டு முன்னறையில் வைத்தார்கள். "கம்ப்யூட்டர் எங்கே சேர்? இதை அதோடு பூட்டித் தந்துவிட்டுப் போகிறேன், எனக்கு இந்த வேலை தெரியும்" என்றான் இளையவன். வீட்டுக்காரரிடம் கம்ப்யூட்டர் ஏது? அது கீழே, தம்பியின் மேசையில். "திருத்தக் கொடுத்திருக்கிறேன்" என்றார், நெற்றியைத் துடைத்தபடி. வந்ததும் சொல்லுங்கள், நானே வருகிறேன் என்றுவிட்டு அவன் கதிரையில் வசதியாகச் சாய்ந்தான். வீட்டுக்காரர் என்னைத் தேத்தண்ணீர் ஊற்றச் சொன்னார். சீனிப் போத்தல் வெறுமையாக இருந்தது. கீழேயிருந்து எடுத்து வருகிறேன் என்று சொல்லி, ஓடாமல், மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

கதவு பூட்டியிருக்கவில்லை. தம்பி அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்திருப்பான் என்று நினைத்தேன், அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். அவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பரீட்சைக்குக் கொண்டுவந்த வெள்ளைச் சேர்ட், நீளக் காற்சட்டை. நான்கு மாதமாகக் காலில் ஏறாத சப்பாத்து, லேஸ் இரட்டை முடிச்சு. தலை வாரியிருந்தான். மடியில் அடையாள அட்டை.

"ஏன்டா ஒளிக்கேல்ல?" என்றேன், மூச்சை மட்டும் விட்டு.

"சப்பாத்துகளுக்கு நடுவில உன்ர செருப்பைக் கண்டனான்" என்றான். "நீயே கூட்டிக்கொண்டு வாறாய் எண்டா, ஒளிச்சு என்னக்கா செய்யிறது?"

வாயில் வந்ததையெல்லாம் கத்தியிருப்பேன். அவன் கன்னத்தில் இரண்டு போட்டிருப்பேன், பிறகு கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். தலைக்கு மேலே சப்பாத்துகள் நடந்தன. நான் சீனிப் போத்தலை எடுத்தேன். கொஞ்சம் கொட்டியது. வாசலில் நின்று திரும்பி, "மினுங்காததுதான் எடுத்தனான்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மேலே போய் அவர்களுக்குச் சிரித்த முகத்தோடு தேத்தண்ணீர் கொடுத்தேன்.

மொனிட்டர் ஒன்றரை மாதம் மேல்வீட்டில் மேசைவிரிப்பு மூடிக் கிடந்தது. அந்த இளைய பொலிஸ்காரன் வேறிடம் மாறிப் போன பிறகுதான் கீழே இறக்கினோம். தம்பி கறுப்பையும் வெள்ளையையும் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லதாத்தான் எடுத்திருக்கிறாய்" என்றான். பிறகு இரவு பகலாக மொனிட்டருக்கு முன்னால்தான் இருந்தான், வெளிநாடு போகும்வரை.

சப்பாத்து மட்டும் திரும்பக் கட்டிலுக்குக் கீழே போகவில்லை. மேசையடியில் இருந்தது. நான் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டி, "நான்தான் தம்பி" என்பேன். உள்ளே கதிரை இழுபடும், பிறகு சத்தம் இருக்காது. அவன் லேஸ் கட்டி முடிக்கும்வரை நான் வெளியே நிற்பேன்.