லீவு நாளில் சீட்டைக் கிழித்தவர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு டிப்போவில் வைத்திருக்கும் பெயர் சீட் டாக்டர். கிழிந்துபோன பஸ் சீட்டுகளைத் தைப்பது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே பட்டறை, அதே தகர மேஜை. ஒரு வளைந்த ஊசி, கொஞ்சம் நூல், சின்ன பிளேடு மூன்றும் லீவு நாளில்கூட சட்டைப் பையில் இருக்கும்.

சீட்டைக் கிழிப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. 'பொதுச் சொத்தைச் சேதப்படுத்தினால் சிறை' என்ற தாளை பஸ்ஸில் ஒட்டுவது வேறொருவர் வேலை. அவருக்கு நேராக ஒட்ட வரவில்லை என்று அதையும் இவரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவருடைய வைத்தியமுறை எளிது. தையல் உப்பியிருந்தால் உள்ளே ஸ்பாஞ்ச் ஈரம். நாலு விரல் நீளம் கீறி, விரலை விட்டுப் பார்ப்பார்.

போன தடவை நான் ஊருக்கு வந்திருந்தபோது, ஒரு லீவு நாளில், மூக்குக்கண்ணாடி வாங்க இருவரும் கிளம்பினோம். பஸ்ஸில் முன் சீட்டின் முதுகை அவர் பார்த்த பார்வையே சரியில்லை.

"யாரு மாப்ள இதைத் தைச்சது? காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கு."

"அத்தான், வேணாம்..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கீறியாகிவிட்டது.

"ஐயோ, சீட்டைக் கிழிக்கிறான்!" பின்னாலிருந்து ஒரு டீச்சரம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குரல் இன்னும் பெறவில்லை. டிரைவர் வண்டியை நேரே போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

கேஸ் என்று ஒன்று பதிவானால் அத்தானுக்கு அன்றைக்கே வேலை போய்விடும். அது டிப்போ விதி. மனுஷரோ ஸ்பாஞ்ச் உண்மையிலேயே ஈரமாக இருந்த திருப்தியில் இருந்தார்.

"யார் கிழிச்சது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கிழிக்கலை சார். திறந்தேன்."

"இதுக்கு என்ன தண்டனை தெரியுமா?"

"ஜெயில், அபராதம், சேதத்துக்கு ஈடு. வண்டிக்கு வண்டி நானே ஒட்டியிருக்கேன் சார்."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "இவரு எப்பவும் இப்படித்தானா?"

"வீட்டு சோபாவை மூணு தடவை திறந்தாச்சு சார்."

டிப்போவுக்கு போன் போட்டார்கள். "எங்க ஆளுதான், தங்கமான மனுஷன்," என்றார் மேலாளர். "ஆனா அது எங்க டிப்போ வண்டி இல்லையே!" காப்பாற்ற வந்தவரே கவிழ்த்துவிட்டார்.

அப்போதுதான் அத்தான் முகம் சுண்டியது. "அடுத்த டிப்போ சீட்டா!" கைது பயமா, இன்னொரு டாக்டரின் நோயாளியைத் தொட்டுவிட்ட வெட்கமா, தெரியவில்லை.

டீச்சரம்மா புகாரை எழுதி முடித்து, கையெழுத்துக்காகப் பேனாவைத் தூக்கியிருந்தார்.

"டீச்சர், அரை மணி நேரம் குடுங்க. தைச்சுக் காட்டறேன். கோணலா இருந்தா கையெழுத்துப் போடுங்க," என்றார் அத்தான். "இருபத்தாறு வருஷ வேலை உங்க பேனாவுல இருக்கு."

பஸ் தரையில் உட்கார்ந்து, ஸ்பாஞ்சைப் பிழிந்து உள்ளே வைத்துத் தைக்க ஆரம்பித்தார். நாலு தையலில் பயம் மறந்துவிட்டது.

"சும்மா நிக்காதீங்க டீச்சர், அந்த ஓரத்தை இழுத்துப் பிடிங்க. இன்னும் நல்லா!"

டீச்சரம்மா மறுபேச்சில்லாமல் இழுத்துப் பிடித்தார். முடிந்ததும் தையல்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கு," என்று புகாரை நாலாகக் கிழித்தார். "ஆனா லீவு நாள்ல யார் சீட்டையும் தொடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

கைதுக்குக்கூட அவ்வளவு யோசிக்காத மனுஷர், அதற்கு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு சத்தியம் செய்தார்.

அதே பஸ்ஸில்தான் மீதி தூரம் போனோம். காத்திருந்து சலித்துப் பாதிப் பேர் இறங்கிவிட்டதால் இடம் நிறைய இருந்தது. அத்தான் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

"உட்காருங்க அத்தான்."

"வேணாம் மாப்ள. உட்கார்ந்தா கை சும்மா இருக்காது."