முதலும் கடைசியுமான புடலங்காய்

ஓகஸ்ட் கடைசியில் காலைக் காற்றில் ஒரு குளிர் தட்டும். அது தட்டினாலே அந்தப் புடலங்காய் வைத்த கோடைதான் எனக்கு ஞாபகம் வரும். இப்போது நினைக்க ஆசையாகக்கூட இருக்கிறது. அன்றைக்கு அப்படி இருக்கவில்லை.

அதற்கு முந்திய குளிர்காலம் முழுக்க என் மனைவிக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றினார்கள். நோய் போனது. போகும்போது அவளுடைய நாக்கின் ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எதைச் சமைத்து வைத்தாலும் கடதாசி தின்கிற மாதிரி இருக்கிறதென்று தட்டைத் தள்ளிவிடுவாள். ருசி திரும்பலாம், சிலருக்குத் திரும்புவதில்லை என்றார் டாக்டர். கண்ணுக்கு முன்னால் அவள் மெலிந்துகொண்டு போனாள். ஒருநாள் தானாகவே, கொடியிலிருந்து அப்போதே பிடுங்கிய புடலங்காயில் தேங்காய்ப்பூப் போட்டு வறை வைத்தால் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றாள். எனக்கு அது போதும்.

டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் கொட்டில் இருக்கிறது. அதற்குள் ஒரு புடலங்கன்றை நட்டேன். நடும்போதே, எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற மாதிரி, முதற்காய் மாதாவுக்கு என்று நேர்ந்துகொண்டேன். எங்கள் ஊர் மன்னாரில் அப்படி நேருவதால் ஒருவருக்கும் நட்டமில்லை, முதற்காய்க்குப் பின்னால் பந்தல் நிறையத் தொங்கும். டென்மார்க்கின் கோடைக்கு அந்தக் கணக்குத் தெரியாது என்பதை நான் யோசிக்கவில்லை.

கொடி நன்றாகத்தான் ஓடியது. முதலில் பூத்ததெல்லாம் ஆண்பூ. பெண்பூ வந்தபோது கொட்டிலுக்குள் பூச்சி வரவில்லை. பின்னேரங்களில் சித்திரத் தூரிகை ஒன்றை வைத்துக்கொண்டு பூச்சியின் வேலையை நானே செய்தேன். கடைசியில் ஒரேயொரு காய் பிடித்தது. வளையாமல் நேராக இறங்கட்டும் என்று வாலில் ஒரு சின்னக் கல்லைக் கட்டிவிட்டேன். காய் வளர வளர வெளியே குளிரும் வளர்ந்தது. இலைகள் பழுத்து விழத் தொடங்கின. இனி ஒரு பிஞ்சும் வராது என்று விளங்கிவிட்டது.

நான் வறை வைக்கிற எண்ணத்தில்தான் கத்தியை எடுத்தேன். மாதாவும் ஒரு தாய்தானே, நோய் கண்ட வருத்தக்காரி சாப்பிட்டால் கோபிப்பாவோ என்று வாதாடியும் பார்த்தேன். மனைவி அசையவில்லை.

"மாதாவுக்கெண்டு சொன்னதை நாங்கள் எப்பிடிச் சாப்பிடுறது? கொண்டுபோய்க் குடுங்கோ."

செப்டம்பரில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் அறுவடைக்கு நன்றிப் பூசை வைப்பார்கள். டேனிஷ்காரரின் கிழங்குக்கும் கரட்டுக்கும் நடுவில் என் காயைப் பீடத்துக்கு முன்னால் கிடத்தினேன். பூசை வைத்த போலந்துக்காரச் சுவாமி கோடைக்காக நன்றி சொல்லச் சொன்னார். எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கொடுக்கிறதே ஒன்று, அதையும் திருப்பி வாங்குகிறாயே என்று மாதாவோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

அங்கே இன்னொரு வழக்கம் உண்டு. பூசை முடிய, படைத்த மரக்கறியை எல்லாம் மண்டபத்துக் குசினியில் ஒன்றாகப் போட்டு சூப் காய்ச்சி, எல்லோரும் இருந்து குடிப்பார்கள். குசினிப் பொறுப்பு உயரமான ஒரு டேனிஷ் அம்மாவிடம். அவர் என் காயைத் தோல் சுரண்டி, கிழங்கோடும் லீக்ஸோடும் வெட்டிப் போட்டு, மேலே கிரீமையும் ஊற்றினார். அரைக் கோடை நான் காத்திருந்த காய் அப்படிக் கரைவதைப் பார்க்கப் பொறுக்காமல் மண்டபத்துக்குப் போய் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தேன்.

மனைவிக்கு முன்னாலும் ஒரு கோப்பை வந்தது. மரியாதைக்கு ஒரு கரண்டி எடுத்தாள். இனித் தள்ளிவிடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு கரண்டி எடுத்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இதுக்கு உப்புக் காணாதப்பா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். நான் உப்பு வாங்க எழும்பிக் குசினிக்குப் போனேன். கதவடியில் நின்றே மாதாவுக்கு நன்றி சொன்னேன், சண்டை பிடித்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். அந்த அம்மாவிடம் உப்புக் கேட்க வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அவர் பயந்துபோய், சூப் அவ்வளவு மோசமா என்று கேட்டார்.