எந்தச் சுரங்கத்துக் கல்?

கேலப் ஊர்ச் சனிச்சந்தையில் டெல்ஃபீனா எட்சிட்டி கடை போடத் தொடங்கிப் பதினெட்டு வருஷமாகிறது. வெள்ளிக்கிழமை வரை பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். சனிக்கிழமையானால் ஒரு மடக்கு மேஜை, ஒரு பூதக்கண்ணாடி, அவ்வளவுதான் கடை. கையால் செய்த வெள்ளி நகையை நீட்டினால், யார் கை அராவியது, கல் அசலா, பிசின் ஏற்றிக் கெட்டியாக்கியதா, என்ன பெறும் என்று கறாராகச் சொல்லிவிடுவாள். வருகிறவர்கள் அதையா கேட்கிறார்கள்? எல்லோருக்கும் டர்க்காய்ஸ் என்கிற அந்த நீலப்பச்சைக் கல்லை வெட்டிய சுரங்கத்தின் பெயர் வேண்டும். ஒரே சுரங்கத்தில் பத்து நிறம் கிடைக்கும், பத்துச் சுரங்கத்தில் ஒரே நிறமும் கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. போதாததற்கு, பாத்திரம் கழுவும்போது காப்பைக் கழற்றி வை என்றால் ஒரு ஜென்மமும் கேட்பதில்லை. கல்லுக்கு அடியில் மெத்தையாக இருப்பது மரத்தூள். தண்ணீர் பட்டால் உப்பிக் கல்லையே தள்ளிவிடும்.

அன்றைக்கு வந்தவள் நாத்தனார் வெர்னா. அவள் கையில், டெல்ஃபீனாவின் கணவன் லியாண்டர் தங்கைக்கென்று செய்து கொடுத்த காப்பு. அவன் செத்துப்போய் நான்கு வருஷமாகிவிட்டது.

"அண்ணி, சாந்தா ஃபேலேருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. சுரங்கம் பேரு எழுதிக் குடுத்தா இப்பவே வாங்கிக்கிறாங்களாம். பழைய நெவாடா கல்லுன்னு ஒரு வரி எழுதுங்க."

"உங்கண்ணனே எங்கிட்ட சொன்னதில்ல. நான் எங்கேருந்து எழுத?"

"வண்டி கியர்பாக்ஸ் போயிடுச்சு அண்ணி. பன்னெண்டு மைல் போய்த் தண்ணி புடிக்கணும். மூணு வாரமா ஆடுங்களுக்குத் தண்ணி கேட்டு வீடு வீடா கெஞ்சறேன். ஒரு வரி எழுதினா குடியா முழுகிடும்?"

"என் பேரு முழுகிடும்டி!" காப்பைப் பிடுங்கினாள். கல் ஆடியது. "இதப் போட்டுக்கிட்டா பாத்திரம் கழுவின?"

வெர்னா வேறு பக்கம் பார்த்தாள்.

வந்த ஆத்திரத்தில் டெல்ஃபீனா நகத்தால் நெம்ப, கல் கையோடு வந்துவிட்டது. பின்பக்கம் பார்த்தாள். பிசின் இல்லை, அசல். குழியில் உப்பிய மரத்தூள். அதற்கும் அடியில், மெழுகு தடவி நாலாய் மடித்த காகிதம். லியாண்டரின் கோணல் பென்சில் எழுத்து:

"காப்பு நான் செஞ்சது. கல்லு எந்தச் சுரங்கமோ தெரியாது. டெல்ஃபீனாவைக் கேக்காதீங்க, திட்டுவா."

"பாவி மனுஷன்! போயும் என்னை விடல பாரு," என்று திட்டினாள். கண் நிறைந்தது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெர்னா அழைத்து வந்த அம்மாள் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "செஞ்சவரே எழுதினது இருக்கே, அப்புறம் சுரங்கம் எதுக்கு? சீட்டோட குடுங்க, வாங்கிக்கிறேன்."

சீட்டோடு! லியாண்டர் கடுதாசி எழுதுகிற ஆளில்லை. அவன் எழுத்தென்று டெல்ஃபீனாவிடம் ஒரு வரிகூடக் கிடையாது. தர முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். வெர்னா இப்போது கெஞ்சவில்லை, சும்மா நின்றாள். அதுதான் தாங்கவில்லை.

சீட்டை மடித்துக் குழியில் வைத்தாள். புதுத் தூள் போட்டு, கல்லைப் பொருத்தி, வெள்ளி விளிம்பை அழுத்தினாள். வாய் மட்டும் முணுமுணுவென்று அவனைத் திட்டிக்கொண்டே இருந்தது.

"பாத்திரம் கழுவறப்போ கழட்டி வச்சுடுங்க," என்றாள் பழக்க தோஷத்தில், காப்பை அந்த அம்மாளிடம் நீட்டி.

அந்த அம்மாள் நான்கு கடை தாண்டியிருப்பாள். டெல்ஃபீனா மேஜையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள்.

"இந்தாங்க, கழட்டாதீங்க. போட்டுக்கிட்டே கழுவுங்க. கல்லு ஆடினா எங்கிட்டயே கொண்டாங்க."