தண்ணீர் கேட்டு வீடு பார்த்தோம்

இந்த மெல்பர்ன் நகரத்தில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டால், பரிமாற வருகிற பெண் சிரித்த முகத்தோடு "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?" என்று கேட்கிறாள். வந்து ஒன்பது வருடம் ஆகிறது, இன்னும் அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு நொடி திணறல்தான். சும்மா இருக்கிற தண்ணீரா, நுரைக்கிற தண்ணீரா என்று கேட்கிறாள், புரிகிறது. ஆனால் தாகத்தில் இருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அம்மா அது? நம் போடியில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் வாயைத் திறப்பதற்கு முன்னால் தம்ளர் 'டங்'கென்று மேசையில் இறங்கிவிடும். "என்னண்ணே சாப்புடுறீங்க" என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இதைச் சொல்லி இந்த ஊரைக் குறை பேச வரவில்லை, போடிப் பக்கத்து மக்களே. இந்த ஊர்க்காரர்கள் தண்ணீர் கொடுத்த விதத்தைப் பார்த்துத்தான் நாங்கள் இங்கே குடியிருக்க ஓர் இடம் பிடித்தோம். புதிதாக வந்து புறநகர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொள்கிறவர்களுக்கும் இது உதவலாம்.

நான் சிலமலைக்காரன். இங்கே டிராம் ஓட்டுகிறேன். என் மனைவி செல்வி ராசிங்காபுரத்தில் காடுகரை வைத்திருக்கும் சம்சாரி வீட்டுப் பெண். காலையில் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிற வேலைக்குப் போய் மதியம் திரும்பிவிடுவாள். எங்கள் மகள் இனியாவுக்கு ஆறு வயது. ஏழாவது மாடியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் ஐந்து வருடம் குடியிருந்தோம். லிஃப்ட் உண்டு, ஹீட்டர் உண்டு, டிராம் டிப்போ கூப்பிடு தூரம். எனக்கு அது சொர்க்கம். செல்விக்கு அப்படி இல்லை. எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது ஐந்து வருடமும் அவளுக்குத் தெரியாது. கதவு திறக்கிற சத்தம் கேட்டு இவள் எட்டிப் பார்ப்பதற்குள் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். ஒரு நாள் வேலை முடிந்து வந்தேன். நீலப் பெட்டி ஒன்றில் அவள் துணியும் இனியாவின் துணியும் மடித்து அடுக்கியிருந்தது.

"எங்க கெளம்பிட்ட?" என்றேன், கேலியாகத்தான்.

"இன்னும் எங்கயும் கெளம்பல. ஆனா சொல்லிட்டேன், இன்னொரு வருசம் இந்தப் பூட்டுன கதவையே பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது. மனுச மக்க இருக்குற எடமாப் பாருங்க. அமையலேன்னா நானும் புள்ளையும் ஊருக்குப் போறோம். நீங்க டிராமு ஓட்டிக்கிட்டு இருங்க."

பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. செல்வி கத்தினால் பத்து நிமிடத்தில் தணிந்துவிடும், அமைதியாகச் சொன்னால் செய்துவிடுவாள்.

மறுநாளே ஒரு நோட்டுப் போட்டேன். எந்தப் புறநகரில் பள்ளிக்கூடம் நல்லது, எங்கே திருட்டுப் பயம் குறைவு, ரயிலில் எத்தனை நிமிடம் என்று வலைத்தளங்களைத் துழாவிக் கட்டம் கட்டமாக எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை சிலமலைக்குப் போன் போட்டபோது அப்பாவிடம் அந்தப் பெருமையை அளந்தேன். முப்பது வருடம் போடிமெட்டு மலைப்பாதையில் ஜீப்பு ஓட்டியவர். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "அதெல்லாம் சரி அப்பு, யார் வீட்லயாச்சும் தண்ணி கேட்டுப் பாத்தியா?"

இதை விளக்க வேண்டும். அப்பாவுக்குப் பூர்வீகம் பொட்டிபுரம். கல்யாணமான கையோடு தனிக்குடித்தனம் வைக்க வேண்டி வந்தது. ஏலக்காய் எடுக்கிற பெண்களை விடிகாலையில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, கேரளத்து எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டி வருவது அவர் சோலி. எஸ்டேட்டிலேயே, வேலைக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் வீடு தருகிறோம் என்றார்கள். போடி டவுனில் கூட்டாளி ஒருவர் வீடு காட்டினார். அப்பா இரண்டு இடத்துக்கும் போனார். சிலமலைக்கும் போனார். போன இடத்தில் எல்லாம் செய்தது ஒன்றுதான். வீட்டுக்காரரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, "ஆத்தா, குடிக்கத் தண்ணி கொண்டா" என்று கேட்பார். எங்கள் பக்கத்தில் காடு வாங்கினாலும் சரி, பெண் எடுத்தாலும் சரி, இது பழைய சோதனைதான். வீட்டை வெள்ளையடித்துக் காட்டலாம், பக்கத்து வீட்டுக்காரி மனசை வெள்ளையடிக்க முடியாது என்பார் அப்பா. சிலமலையில் அன்றைக்கு மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லையாம். அவர் கேட்ட வீட்டில் கடைசிக் குடத்தில் பாதிதான் இருந்தது. அந்தப் பெண் சொம்பு நிறைய மொண்டு கொடுத்துவிட்டு, "வெறும் வயித்துல குடிக்காதண்ணே, சோறு தின்னியா?" என்று கேட்டாராம். அந்த வாரமே அப்பா அங்கே குடியேறிவிட்டார். நான் பிறந்து வளர்ந்தது அந்தச் சொம்புத் தண்ணீர் காட்டிய தெருவில்.

நான் சிரித்து மழுப்பினேன். "அப்பா, இங்க முன்னாடியே சொல்லாம யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது." ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது. செல்வி கேட்டுவிட்டாள். அடுத்த சனிக்கிழமை, முதல் வீட்டைப் பார்க்கக் கிளம்பும்போதே அவள் முகத்தில் ஒரு முடிவு தெரிந்தது.

முதலில் போனது ஆற்றங்கரையை ஒட்டிய பணக்காரப் புறநகர். நோட்டில் எல்லாக் கட்டத்திலும் முதல் மதிப்பெண். தெருவில் மரங்கள் இரண்டு பக்கமும் கை கோத்து நின்றன, ஒரு காகிதத் துண்டு கீழே கிடையாது. செல்வி பக்கத்து வீட்டு மணியை அழுத்தினாள். ஆள் வரவில்லை, மணியே பேசியது. "மன்னிக்கணும், நான் ஆபீசில் இருக்கிறேன், எதுவும் வாங்குவதாக இல்லை, நல்ல நாளாக அமையட்டும்" என்று அவ்வளவு மரியாதையாக ஒரு ஆண் குரல். செல்வி இரண்டு அடி பின்னால் வந்துவிட்டாள். "ஏங்க, வீட்ல ஆளே இல்ல, வீடு பேசுது!"

அடுத்த வாரம் மேற்கே புதிதாக முளைத்த பகுதி. நம் ஆட்கள் நிறைய. மளிகைக் கடை, கோயில், முருங்கைக்கீரை எல்லாம் நடந்து போகிற தூரம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் தமிழ்க் குடும்பம். தண்ணீரா கொடுத்தார்கள்? மோரே கொடுத்தார்கள், முறுக்கோடு. ஆனால் அந்த மோர் தொண்டையில் இறங்குவதற்குள் எந்த ஊர், என்ன ஆளுக, என்ன விசா, என்ன சம்பளம், ஏன் ஒரே பிள்ளையோடு நிறுத்திவிட்டீர்கள் என்று ஜாதகத்தையே கணித்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள், அதில் பொய் இல்லை. திரும்பி வரும்போது ரயிலில் செல்வி சொன்னாள்: "இதுக்கு நான் ராசிங்காவரத்துலயே இருந்திருப்பேனே. அங்கயாச்சும் எங்காத்தா இருக்கு."

நோட்டில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். கிழக்கே, ரயில் தடம் முடிவதற்கு இரண்டு நிலையம் முன்னால், மலையடிவாரத்தில் இருக்கிற புறநகர். வேலைக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் அடியில் எழுதி வைத்திருந்தேன். ரயிலை விட்டு இறங்கினால், ஐயா, மலை! வெள்ளைத்தோல் யூகலிப்டஸ் மரங்களும், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த பெரணிச் செடிகளும், ஈர மண் வாடையும். இறங்கிய இரண்டாவது நிமிடமே நான் ஒரு தப்புச் செய்தேன். வீடு மேற்குப் பக்கம் என்று எழுதி வைத்திருந்தேன். நான் மலையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தேன். சிலமலையில் பிறந்ததிலிருந்து மலை இருக்கிற திசைதானே எனக்கு மேற்கு? கால் மணி நேரம் ஏறிய பிறகு செல்வி போனைப் பார்த்து, "மலை இங்க கெழக்க இருக்கு. திரும்புங்க வெரசா" என்றாள். வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தோம்.

வீட்டு வாசலில் இருபது பேர் நின்றார்கள். இங்கே வாடகை வீட்டைக் கால் மணி நேரம்தான் திறந்து காட்டுவார்கள், எல்லோரும் ஒன்றாகப் பார்த்துவிட்டு விண்ணப்பம் போட வேண்டும். ஜோஷ் என்கிற இளம் ஏஜெண்ட் பெயர்களைக் குறித்துக்கொண்டிருந்தான். சிவப்பு ஓடு, பின்னால் ஒரு எலுமிச்சை மரம், சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை. நான் மயங்கி நிற்கையில் செல்வியைக் காணவில்லை. இனியாவையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் நின்று, நரைத்த தலைமுடியும் முழங்கால் வரை ரப்பர் பூட்சுமாக இருந்த ஒரு அம்மாளிடம், "வாட்டர்... ப்ளீஸ்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கிருந்து வருகிறாள் என்று காட்டுவதற்காக நாங்கள் பார்க்க வந்த வீட்டைக் கையால் காட்டினாள். அந்த அம்மாள் உள்ளே ஓடிப்போய்ப் பெரிய கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். செல்வி அண்ணாந்து குடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். அப்புறம் நடந்ததுதான் கூத்து.

மார்கரெட் என்கிற அந்த அம்மாள் ரப்பர் குழாய்ச் சுருள் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று வந்தார். வேலிக்கு மேலாகக் குழாயைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டார். நேரே ஜோஷிடம் போய், எல்லோருக்கும் கேட்கிற குரலில், "இந்த வீட்டில் தண்ணீர் வரவில்லையாமே? பாவம், இந்தப் பெண் என் வீட்டில் வந்து கேட்டுக் குடிக்கிறாள். சிறு பிள்ளையை வைத்திருக்கிறாள். சரி பண்ணும் வரை என் மழைத்தொட்டியிலிருந்து பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் தண்ணீர் இல்லாத வீட்டை எப்படி நீ வாடகைக்குக் காட்டுகிறாய்?" என்று பிடித்துக்கொண்டார். ஜோஷ் முகம் வெளுத்துவிட்டது. கூட்டத்தில் முணுமுணுப்பு. ஒரு ஜோடி காரில் ஏறியது. பின்னாலேயே இன்னும் நான்கு பேர் நடையைக் கட்டினார்கள்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குள் ஒரு குரல், 'வாயை மூடிக்கிட்டு இருடா, கூட்டம் கலையட்டும், வீடு உனக்குத்தான்' என்றது. கட்டிலுக்கு அடியில் இருந்த நீலப் பெட்டி கண் முன்னால் வந்தது. செல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அந்தம்மா என்ன சொல்லுது? ஏன் எல்லாரும் போறாக?" சொன்னேன். "ஐயையோ!" என்று வாயில் கை வைத்தாள். "நான் கேட்டதுனாலயா? நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, சொல்லுங்க!"

"சொன்னா வீடு போயிரும் செல்வி."

"போகட்டும். மனுச மக்க நல்லா இருக்காகளான்னு பாக்க வந்துட்டு, நாமளே இப்படிச் செஞ்சா?"

நான் தயங்கிய அந்த நொடியில் அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். எல்லோரும் பார்க்கக் குழாயைத் திறந்து, இரண்டு கையையும் குவித்துப் பிடித்து, அண்ணாந்து குடித்தாள். "குட் வாட்டர். வெரி குட்" என்றாள். மோவாயில் தண்ணீர் சொட்டியது. ஜோஷ் வாய்விட்டுச் சிரித்தான், போனவர்களைக் கூப்பிட ஓடினான். கார் திரும்பி வந்தது.

மார்கரெட் குழப்பத்தோடு என்னிடம், "அப்படியானால் எதற்கு என்னிடம் வந்து கேட்டாள்?" என்றார். அப்பாவையும் ஜீப்பையும் பாதிக் குடத்தையும் என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். மழையில்லாத வருடங்களில் இந்த மலையிலும் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றியதாகச் சொன்னார். பிறகு பூட்சைச் சேர்த்து வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை போல நின்று, "சரி, நான் பாஸா?" என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவள் பிடித்த முதல் பக்கத்து வீட்டுக் கை அது.

வீடு எங்களுக்குக் கிடைக்கவில்லை. காரைத் திருப்பிக்கொண்டு வந்த ஜோடிக்கே போனது. நான் இரண்டு வாரம் செல்வி முகத்தைப் பார்க்கவே பயந்தேன். மூன்றாவது வாரம் மார்கரெட் போன் செய்தார், எண்ணை அன்றைக்கே வாங்கி வைத்திருக்கிறார். அவர் வீட்டுப் பின்வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு காலியாகிறதாம். "சொந்தக்காரரிடம் பேசிவிட்டேன். கிடைக்க இருந்த வீட்டையே உண்மையைச் சொல்லி இழந்தவர்கள் என்றேன். நாளைக்கே வாருங்கள்" என்றார். எங்கிருந்தோ வந்தவர்களுக்காக இப்படிப் பேச யாருக்கு மனசு வரும்? நான் போனை வைத்துவிட்டு, வெட்கப்படாமல் சொல்கிறேன், டிப்போ வராந்தாவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

குடி வந்து ஏழு மாதம் ஆகிறது. வேலைக்குப் போகவர இரண்டரை மணி நேரம் ரயிலில் கழிகிறது. மலையில் வேலையும் அடிவாரத்தில் வீடுமாக என் அப்பா ஓடினார், நான் டவுனில் வேலையும் அடிவாரத்தில் வீடுமாக ஓடுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். பின்வேலியில் ஒரு பலகையை மார்கரெட்டே கழற்றிவிட்டார். அந்த வழியாக இனியா போகிறாள், எலுமிச்சை ஊறுகாய் போகிறது, கேக் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில், "மலை எந்தப் பக்கம் அப்பு?" என்றார். கிழக்கே என்றேன். "கெழக்கயா? அப்ப மலைக்குள்ள இருந்தா சூரியன் வருது? நல்லா விசாரிச்சுத்தான எடுத்த?" என்று கவலைப்பட்டார். செல்வி சிரித்துக்கொண்டே போனைப் பிடுங்கி, "மாமா, தண்ணி குடுத்துட்டாக. மலை எந்தப் பக்கம் இருந்தா என்ன?" என்றாள்.

அன்றைக்குத்தான் அவள் நீலப் பெட்டியை இழுத்து, துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். நான் காலிப் பெட்டியைத் தூக்கி, "மேல பரண்ல போட்டுறவா?" என்றேன். அவள் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். என் கையிலிருந்து பெட்டியை வாங்கி, துடைத்து, பழையபடி கட்டிலுக்கு அடியிலேயே தள்ளினாள்.

"காலியாத்தான இருக்கு. இருக்கட்டும், கையெட்டுற எடத்துல" என்றாள்.