தவராணி அக்கா தலையாட்டிய நாள்

லில்லெஸ்ட்ரோமிலிருந்து ஒஸ்லோவுக்கு வரும் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் தவராணி அக்காவின் மகன் அழைத்தான். "அம்மா போயிட்டா மாமா," என்றான். எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். எப்போதும் எங்காவது போய்க்கொண்டிருந்தவர் என்பதால் அந்தக் கேள்வி தானாக வாயில் வந்துவிட்டது. அவன் அழத் தொடங்கினான். பிறகுதான் எனக்கு விளங்கியது.

இங்கே ரொம்மனில் அவர் வீட்டில் தேநீர் குடித்தவர்களுக்கும், தமிழ்ப் பள்ளிக்கூட விழாக்களில் அவரோடு சண்டை பிடித்தவர்களுக்கும் நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கென்யாவில் ஒரு வறண்ட மாவட்டத்தில் நின்ற தவராணி அக்காவை உங்களில் எவரும் காணவில்லை. நான் கண்டேன். அதைச் சொல்லத் தொடங்கினால் துக்கத்தை மீறிக்கொண்டு உற்சாகம் வந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒஸ்லோவில் ஓர் உதவி அமைப்பின் நீர்ப் பிரிவில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அவர் திட்டம் போடுவார், நான் வரைபடம் கீறுவேன். அப்படித்தான் கிட்டூயி மாவட்டத்துக்குப் போனோம். சிவந்த மண், முட்புதர், இடையிடையே பாவோபாப் எனப்படும் வயிறு பெருத்த பெருக்க மரங்கள். மன்னாரில் ஒரு பெருக்க மரத்தைக் கண்டால் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிற ஆட்கள் நாங்கள். அங்கே அவை எங்கள் ஊர்ப் பனைபோல எங்கும் நின்றன. வருடத்தில் இரண்டு மழை. பெரிய மழை என்று பெயர் எடுத்தது ஏமாற்றிவிடும். சின்ன மழையை நம்பித்தான் அங்குள்ள கம்பா மக்கள் விதைக்கிறார்கள். விதைப்பது என்ன? பயறு. சந்தையில் பச்சைப் பயறு மலைபோலக் குவிந்திருந்ததைக் கண்டு, இவர்கள் எங்களுக்குச் சொந்தக்காரர்தான் என்று அக்கா அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். எங்கள் சாரதியின் பெயர் முத்துவா என்று தெரிந்ததும் கேட்கவே வேண்டாம். முதல் நாளிலேயே அவர் 'முத்து அண்ணை' ஆகிவிட்டார்.

ஆற்றுக்கு வந்துவிட்டோம் என்று முத்துவா வண்டியை நிறுத்தினார். அக்கா இறங்கி மணலில் கொஞ்சத் தூரம் நடந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "குகன், ஆறு எங்கை?" என்று கேட்டார். ஆற்றின் நடுவில் நின்றுகொண்டுதான் கேட்டார். ஆறில்லாத யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் வேறு எப்படிக் கேட்பார்? அங்கே ஆறு மழைக்கு மட்டும் வரும், மற்ற மாதங்களில் மணலாகக் கிடக்கும். அந்த மணலைத் தோண்டி ஊற்றெடுத்துத்தான் பெண்கள் தண்ணீர் அள்ளுவார்கள். ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சுவர் கட்டினால் வெள்ளம் கொண்டுவரும் மணல் அதற்குப் பின்னால் சேரும். மணலுக்குள் தண்ணீர் தங்கும், வெயில் அதைத் தொடாது. அந்தச் சுவரை எங்கே கட்டுவது என்பதுதான் எங்கள் வேலை. ஒஸ்லோவில் இருந்தபடியே இடம் குறித்தாகிவிட்டது. அந்தப் புள்ளியை வரைபடத்தில் வைத்தவன் நான்.

ஆனால் அங்கே புள்ளி வைத்தால் மட்டும் போதாது. மாவட்டத்துக்கென்று ஓர் ஆளுநர், மக்கள் தெரிவு செய்த ஒரு சபை, ஊர்வட்டத்துக்கு ஓர் அதிகாரி. எதைச் செய்வதானாலும் சனத்தைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று நாட்டின் அரசியலமைப்பே சொல்கிறது. இதை அறிந்தபோது அக்காவுக்கு வந்த சந்தோசத்தை நான் எப்படிச் சொல்வேன்! அதிகாரப் பகிர்வு, அதிகாரப் பகிர்வு என்று கேட்டுக் கேட்டே வளர்ந்து, கிழவர்களாகிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். "நாங்கள் கதைச்சுக்கொண்டே இருந்தம். இவையள் கதிரையைப் போட்டுச் செய்யினம்," என்றார். சபைக் கட்டடத்தின் பெயர்ப் பலகைக்கு முன்னால் நின்று, கோயில் வாசலில் நிற்பதுபோல ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

இனி அந்தத் தலையாட்டலுக்கு வருகிறேன். ஓம், ஆமாம், என்பதற்கு நாங்கள் தலையை எப்படி ஆட்டுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். இடமும் வலமுமாக ஒரு சாய்ப்பு. அக்காவின் தலை கொஞ்சம் தாராளமாகவே ஆடும். வந்த அன்றே, தேநீருக்கு நிறுத்தவா என்று முத்துவா கேட்க, அக்கா தலையாட்டினார். அவர் ஊரில் அது இல்லை என்பதற்கான ஆட்டல்; முத்துவா வண்டியை நிறுத்தாமல் ஓட்டினார். அடுத்த கடையிலும் அதே கதை. தொண்டை வறண்டபடி சிரித்துக்கொண்டே போனோம்.

சுவரைப் பற்றிச் சனத்தைக் கேட்கக் கூட்டிய மரத்தடிக் கூட்டத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆற்றின் மேற்பக்க ஊரும் கீழ்ப்பக்க ஊரும், எங்கள் வாயில் மேலூரும் கீழூரும், வந்திருந்தன. பிளாஸ்டிக் கதிரைகளில் அதிகாரிகள், எங்களுக்கும் முன்வரிசை. கீழூரிலிருந்து வந்த முத்தேயு என்ற பெண் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். இந்தச் சுவர் வந்தால் கீழே எங்கள் ஊற்றுகளுக்குத் தண்ணீர் வருமா என்று கேட்கிறார் என முத்துவா சொன்னார். வரும் என்று வாய்திறந்து சொல்வதற்கு முன், அக்காவின் தலை முந்திக்கொண்டது. இடம், வலம், இடம். கீழூர் முழுவதும் அதைப் பார்த்தது. வராது என்று திட்டம் போட்ட பெரிய அம்மாவே சொல்லிவிட்டார்! கதிரைகள் சரிந்தன, பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள், ஒரு நொடியில் பாதிக் கூட்டம் வெளிநடப்புச் செய்துவிட்டது.

நான் பதறிப்போனேன். முத்துவா அவர்களுக்குப் பின்னால் ஓடினார். இது எங்கள் நாட்டுப் பழக்கம், அவர் ஓம் என்றுதான் சொன்னார் என்று விளக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா எழும்பவில்லை. சரிந்துகிடந்த கதிரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தலையாட்டினது பிழைதான் குகன். ஆனா அந்த மனிசி கேட்டது பிழையில்லை. தண்ணி வருமெண்டு எனக்கென்னண்டு தெரியும்? நீர் கீறின படத்திலை இதுக்குக் கீழை ஆர் இருக்கினம்?"

நான் கீறிய படம் அந்தச் சுவரோடு முடிந்துவிட்டிருந்தது. கீழே வெறும் வெள்ளைத் தாள்.

அன்று பின்னேரமே அக்கா ஒஸ்லோவுக்கு அழைத்து, வேலையைத் தொடங்க வேண்டாம் என்றார். எங்கள் மேலாளருக்குக் கோபம். சின்ன மழை நெருங்குகிறது, இதைத் தவறவிட்டால் ஒரு பருவமே போய்விடும், உங்கள் வேலையையும் யோசியுங்கள் என்றார். அக்கா அமைதியான நோர்வேஜிய மொழியில், எனக்கு இங்கே வாக்குரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை என்றார். கட்டளை வந்தால் முதல் கல்லை வேறு ஆளைக் கொண்டு வையுங்கள் என்றும் சொன்னார். அவருடைய வேலை நிரந்தரமானதல்ல என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் அக்கா முத்தேயுவின் வீட்டு வாசலில் போய் நின்று, உங்கள் ஊற்றுகளைக் காட்டுங்கள் என்று கேட்டார். முத்தேயு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஆற்று மணலில் நாங்கள் நடந்த நடை இருக்கிறதே! முதலில் நாலைந்து பேர், போகப் போக ஊர்வலம். ஊற்றுகளைத் தாண்டிக் குறுக்கே பாறை ஓடிய ஓர் இடம் வந்தது. இங்கே கட்டினால் இரண்டு ஊருக்கும் மணலும் தண்ணீரும் சேரும் என்று எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அக்கா விடவில்லை. இதற்குக் கீழே யார் என்று கேட்டார். ஒரு மாட்டுப்பட்டிக்காரர் வந்தார். அவரிடம் கேட்டார். அதற்கும் கீழே? இன்னும் நடந்தோம். கடைசியில் முத்தேயு குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இனிக் கீழே யானைகள்தான் இருக்கின்றன, அவற்றையும் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டுமா என்று கேட்டார். அந்த வெயிலில் எல்லோரும் மணலில் குந்தியிருந்து சிரித்தோம். அடுத்த கூட்டத்தில் கீழூர்தான் முதலில் கை உயர்த்தியது. மாவட்ட அதிகாரி புதிய இடத்தைக் குறித்துக்கொண்டார். மழைக்கு முந்திக்கொண்டு இரண்டு ஊரும் கல் சுமந்தன.

ஆறு வந்ததை நாங்கள் ஒஸ்லோ அலுவலகத்திலிருந்து பார்த்தோம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. முத்துவா கைபேசியை ஆற்றுப் பக்கம் பிடித்தார். முதலில் ஓர் இரைச்சல், பிறகு வளைவைத் திரும்பிக்கொண்டு, முள்ளும் நுரையும் சுமந்து, சிவப்பாய் உருண்டு வந்தது தண்ணீர். சுவரில் ஏறி, தாண்டி, கீழே விழுந்தது. சுவர் நின்றது! "ஆறு வந்திட்டுது," என்று அக்கா கத்திய சத்தத்தில் மேலாளரும் அறையை விட்டு ஓடி வந்து எங்கள் தோள்களுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கை தட்டினார். ஆனாலும் அதன் பிறகு அக்காவைக் களத்துக்கு அனுப்பவில்லை, ஒப்பந்தமும் அந்த வருடத்தோடு முடிந்தது. வறட்சி மாதத்தில் கீழூரின் ஊற்றில் தண்ணீர் நிற்கிறது என்று முத்தேயு செய்தி அனுப்பியபோது, அக்கா வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி ஒரு நாளும் குறைப்பட்டதில்லை. எனக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை.

அக்காவின் தகனம் முடிந்த அடுத்த வாரம் குரோருட்டில் எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டம். மேட்டில் உள்ள கட்டடங்களைச் சுற்றித் தேங்கும் மழைநீரைச் சரிவில் இறக்கிவிட ஒரு திட்டம். அழகான படம், எல்லோருக்கும் சம்மதம், கைகள் உயரத் தயாராக இருந்தன. இத்தனை வருடத்தில் அந்தக் கூட்டங்களில் நான் வாய் திறந்ததில்லை. அன்று எழுந்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரேயொரு கேள்விதான். இதற்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

தலைவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசி வரிசையில் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் எழுந்தார்.

"நாங்கள் இருக்கிறோம்," என்றார்.